முகிலுக்கும் ஒரு விலாசம் உண்டு

 

"போட்டோ எல்லாம் கிளவுட்டில இருக்கு" என்று இப்போது ஏழாம் தரத்துப் பிள்ளையும் சொல்கிறது. அந்தக் கிளவுட் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் விரல் வானத்தைத்தான் காட்டுகிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகள் சமாந்தரக் கணிமை, கிரிட் கணிமை, முகிற் கணிமை என்று மூன்று வரைவிலக்கணங்களை மனப்பாடம் செய்கிறார்கள். எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் மூன்றும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஒருவரால் முடியாத கணக்கைப் பலர் பங்கிட்டுச் செய்வது எப்படி? அதுதான் கதை. அதைப் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்லப் பார்க்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். கடைசியில் நம் எல்லோருக்கும் ஒரு வேலையும் இருக்கிறது.

*மனிதர்களே கணினிகளாக இருந்த காலம்*

கொம்பியூட்டர் என்ற சொல் முதலில் ஒரு இயந்திரத்தின் பெயர் அல்ல. கணக்குப் போடும் மனிதரைத்தான் அப்படி அழைத்தார்கள்.

1682இல் வானில் தெரிந்த ஒரு வால்வெள்ளி 1758ஆம் ஆண்டளவில் திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹேலி என்ற ஆங்கிலேய வானியலாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரியான மாதம் எது? வியாழனும் சனியும் அந்த வால்வெள்ளியை வழியெங்கும் இழுக்கின்றன. அந்த இழுவையைப் படிப்படியாகக் கணக்கிட வேண்டும். ஒரு மனிதர் தனியே இருந்து போட்டால், கணக்கு முடிவதற்குள் வால்வெள்ளி வந்து போய்விடும்.

பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் கிளேரோ, லாலாந்து என்ற வானியலாளரையும் நிக்கோல் ரெய்ன் லெபோத் என்ற பெண்மணியையும் சேர்த்துக்கொண்டார். 1757இல் பாரிஸில் தொடங்கிய வேலை மாதக்கணக்கில் நீண்டது. மூவரும் கணக்கைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1759 ஏப்ரல் நடுப்பகுதியில் வால்வெள்ளி சூரியனுக்கு மிக அருகில் வரும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று 1758 நவம்பரில் கிளேரோ அறிவித்தார். அது வந்த நாள் 1759 மார்ச் 13. சொன்ன எல்லையை ஒட்டித்தான் இருந்தது.

ஆனால் கிளேரோ பின்னர் வெளியிட்ட நூலில் அந்தப் பெண்மணியின் பெயர் இல்லை. அவருடைய பங்கு இன்று நமக்குத் தெரிவது, உடனிருந்த லாலாந்து அதை எழுதி வைத்ததால். வேலையைப் பங்கிடும்போது பெயரும் பொறுப்பும் எங்கே போகின்றன என்ற கேள்வி முதல் நாளிலேயே பிறந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1790களில், அதே நாட்டில், த புரோனி என்ற பொறியியலாளருக்கு மாபெரும் மடக்கை அட்டவணைகளைத் தயாரிக்கும் பொறுப்பு வந்தது. அவர் ஆட்களை மூன்று படிகளாகப் பிரித்தார். மேல்படியில் சூத்திரத்தைத் தீர்மானிக்கும் சில கணிதவியலாளர்கள். நடுவில் அதைச் சிறு சிறு கணக்குகளாக உடைத்துக் கொடுப்பவர்கள். கீழே கூட்டலும் கழித்தலும் மட்டும் செய்த 60 முதல் 80 பேர். கடைசிப் படியில் இருந்தவர்களில் பலர் முன்னாள் சிகையலங்காரக்காரர்கள் என்று சொல்லப்படுகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களின் அலங்காரத் தலைமுடி மவுசு இழந்ததும் அவர்களுடைய தொழிலும் போய்விட்டது. பெரிய கணக்கைச் சிறிதாக உடைத்தால், கூட்டத் தெரிந்த எவரும் அதில் பங்கெடுக்கலாம் என்பதை அந்த மனிதர்கள் காட்டினார்கள்.

1922இல் லூயிஸ் பிரை ரிச்சட்சன் என்ற ஆங்கிலேயர் வானிலையைக் கணக்கால் முன்கூட்டியே சொல்வது பற்றி ஒரு நூல் எழுதினார். முதலாம் உலகப் போரில் அம்புலன்ஸ் சேவையில் இருந்தபடியே அவர் கையால் போட்டுப் பார்த்த முன்னறிவிப்பு முழுக்கப் பிழைத்துப் போயிருந்தது. அதையும் அந்த நூலில் மறைக்காமல் எழுதினார். கூடவே ஒரு கற்பனையையும் எழுதினார். வட்டமான ஒரு பெரிய மண்டபம். சுவரெங்கும் உலக வரைபடம். 64,000 மனிதர்கள் தத்தம் பகுதியின் வானிலையைக் கணக்கிட்டு அயலில் இருப்பவருக்கு விடையைக் காட்டுகிறார்கள். நடுவில் ஒருவர் நின்று, முந்தி ஓடுபவர்கள்மீதும் பிந்தி நிற்பவர்கள்மீதும் வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சி எல்லோரையும் ஒரே வேகத்தில் வைத்திருக்கிறார். இன்று வானிலை நிலையங்களில் இருக்கும் கணினிகள் கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கின்றன. மனிதர்களுக்குப் பதில் சில்லுகள், அவ்வளவுதான்.

*கஞ்சிப் பானை சொல்லும் விதி*

ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேலையும் வேகமாகிக்கொண்டே போகுமா?

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவ, தேங்காய் துருவ, வெங்காயம் உள்ளி உரிக்க, இறைச்சி வெட்ட ஒருவருக்கு மூன்று மணித்தியாலம் ஆகும் என்று வைப்போம். அடுப்பில் கஞ்சி வேக ஒரு மணித்தியாலம். தனியாள் செய்தால் மொத்தம் நான்கு. மூன்று பேர் சேர்ந்தால் ஆயத்த வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும், மொத்தம் இரண்டு. அறுபது பேர் வந்தால் ஆயத்தம் மூன்று நிமிடத்தில் முடியும். ஆனால் கஞ்சி வேக அதே ஒரு மணித்தியாலம்தான். ஊரே திரண்டு வந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் கீழே போக முடியாது. நான்கு மடங்கு வேகத்துக்கு மேல் கிடைக்காது.

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜீன் அம்டால் 1967இல் கணினிகளைப் பற்றிச் சொன்னது இதைத்தான். ஒரு வேலையில் பங்கிட முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே முழு வேலையின் வேகத்தையும் கட்டிப்போடும். அம்டால் விதி என்று பிள்ளைகள் படிப்பது இதுதான்.

இந்த விதி தெரிந்தும் சிலர் துணிந்தார்கள். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்லொட்னிக் தலைமையில் இலியாக் 4 என்ற இயந்திரத்தைத் திட்டமிட்டார்கள். 256 கணிக்கும் பகுதிகள் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையை வெவ்வேறு எண்கள்மீது நிறைவேற்ற வேண்டும் என்பது திட்டம். கட்டி முடித்தது 64 மட்டும். செலவோ 80 இலட்சம் டொலர் என்ற மதிப்பீட்டைத் தாண்டி 3 கோடி டொலர் அளவுக்குப் போனது. பணம் இராணுவத்திடமிருந்து வந்ததால் 1970இல் மாணவர்கள் எதிர்த்தார்கள். அதனால் இயந்திரம் பல்கலைக்கழகத்துக்கு வராமல் கலிபோர்னியாவிலுள்ள நாசா நிலையத்துக்குப் போனது. ஒழுங்காக வேலை செய்யத் தொடங்க 1975 ஆகிவிட்டது. சமாந்தரக் கணிமை முடியும் என்று அது காட்டியது. பணக்கார அரசுகளால்தான் முடியும் என்றும் காட்டியது.

அந்தப் பூட்டை உடைத்தது 1994. நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கடையில் வாங்கக்கூடிய 16 சாதாரணக் கணினிகளைச் சாதாரண வலையமைப்பு வயரால் இணைத்து, இலவசமாகக் கிடைத்த லினக்ஸை அதில் போட்டார்கள். பெயர் பேவுல்ப். விலை உயர்ந்த சுப்பர் கணினி செய்த வேலைகளில் பலவற்றை அது மலிவாகச் செய்தது. வறிய நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அன்றுதான் ஒரு கதவு திறந்தது. உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாத ஒன்றும் இல்லை.

நம் சட்டைப்பைக்குள்ளும் இதே கதை ஓடுகிறது. ஒரே சில்லை மேலும் மேலும் வேகமாக ஓட்டினால் சூடு தாங்காது என்ற நிலை 2004 அளவில் வந்தது. அதன் பிறகு கம்பனிகள் ஒரு சில்லுக்குள் இரண்டு, நான்கு, எட்டு கருக்களை வைத்தன. போன் பெட்டியில் "ஒக்டா கோர்" என்று எழுதியிருப்பது எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதைத்தான்.

*ஊர் ஊராக இருந்த கணினிகள் கைகோர்த்தன*

ஒரே அறையில் இருக்கும் கணினிகள் சேரலாம் என்றால், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருப்பவை சேர முடியாதா?

இயன் பொஸ்டர், கார்ல் கெஸல்மன் இருவரும் 1998இல் தொகுத்த நூல் இந்த எண்ணத்துக்குக் கிரிட் என்ற பெயரை நிலைநாட்டியது. பெயர் மின்சாரத்திலிருந்து வந்தது. லக்ஸபானவில் பிறந்த மின்சாரமா நுரைச்சோலையில் பிறந்ததா என்று நாம் பார்ப்பதில்லை. சுவிட்சைப் போடுகிறோம், எரிகிறது. கணிக்கும் சக்தியும் அப்படி வரவேண்டும் என்று விரும்பினார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையம். அங்கே அணுத்துகள்களை மோதவிடும் இயந்திரம் கொட்டும் தரவை ஒரு நாட்டின் கணினிகளால் அலச முடியாது. ஆகவே 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 நிலையங்கள் சேர்ந்து அந்தச் சுமையைத் தூக்குகின்றன. ஹிக்ஸ் துகளைக் கண்டதாக 2012 ஜூலை 4ஆம் திகதி அறிவித்தார்கள் அல்லவா, அதன் பின்னால் இந்தக் கிரிட் இருந்தது.

பொதுமக்களும் சேர்ந்தார்கள். 1999 மே மாதம் பேர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டத்தில், வானொலித் தொலைநோக்கி கேட்ட சத்தங்களை அலசுவதற்காக இலட்சக்கணக்கானோர் சும்மா கிடந்த தமது வீட்டுக் கணினிகளைக் கடன் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் அந்த வேலைப் பங்கீடு நின்றது. வேற்றுலகவாசி ஒருவரும் அகப்படவில்லை. ஆனால் அதே வழியில் புரதங்களை ஆராயும் போல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கு, கொரோனா காலத்தில் மக்கள் அள்ளிக் கொடுத்த கணிக்கும் சக்தி, அன்றைய உலகின் முதல்தரச் சுப்பர் கணினியையும் மிஞ்சியது.

கிரிட்டில் ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதைக் கொண்டுவந்து பொதுவில் வைக்கிறார்கள். யாருடைய கணினி எது என்பது எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் மாறியது இதுதான்.

*முகில்: சொந்தத்திலிருந்து வாடகைக்கு*

கணிமையும் ஒரு நாள் தொலைபேசியைப் போலப் பொதுச் சேவையாகலாம் என்று ஜோன் மெக்கார்த்தி 1961இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேசினார். ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் முறையை பெர்னாண்டோ கோர்பட்டோ அங்கே காட்டியதும் அதே ஆண்டில்தான். இயந்திரம் மிக வேகமாக ஒவ்வொருவரிடமும் மாறி மாறிப் போனது. ஒவ்வொருவரும் தனக்கே சொந்தம் என்று நினைத்தார்கள்.

அந்தப் பேச்சு வியாபாரமாக 45 ஆண்டுகள் எடுத்தது. 2006 மார்ச்சில் அமேசன் தன் சேமிப்பிடத்தை வாடகைக்குவிட்டது. ஒகஸ்டில் கணினிகளையே வாடகைக்குவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு 10 சதம், அமெரிக்கக் காசில். ஒரு உண்மையான கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தொழில்நுட்பம் இதைச் சாத்தியமாக்கியது. ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது போல.

அதன் பலம் என்ன என்பதை 2007இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை காட்டியது. சுமார் 1 கோடி 10 இலட்சம் பழைய கட்டுரைகளின் படங்களை இணையத்தில் வாசிக்கக்கூடிய கோப்புகளாக மாற்ற வேண்டியிருந்தது. 100 மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஒரு நாளுக்குள் முடித்தார்கள். 100 கணினி, 24 மணித்தியாலம், 10 சதம். பெருக்கிப் பாருங்கள், 240 டொலர். இலியாக் 4 காலத்தில் அரசாங்கத்திடம் கையேந்த வேண்டியிருந்த சக்தி, ஒரு கடனட்டை வைத்திருப்பவருக்குக் கிடைத்தது.

இது பெரிய நன்மை. இதை நாம் குறைத்துப் பேசவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினராவது தொடர்ந்து படித்தது இந்த முகிலால்தான்.

*விலாசம்*

ஆனால் முகில் வானத்தில் இல்லை. அது நிலத்தில், பூட்டிய கட்டடங்களுக்குள், குளிரூட்டிகளுக்கு நடுவில் ஓடும் கணினிகள். நாம் அனுப்பும் படம் மாத்தறை போன்ற இடங்களில் கரையேறும் கடலடி வடங்கள் வழியாக அந்தக் கட்டடங்களுக்குப் போகிறது. கட்டடம் என்றால் தீப்பிடிக்கலாம். மனிதர் இருந்தால் கை தவறலாம்.

2017 பெப்ரவரி 28ஆம் திகதி அமேசனின் வேர்ஜினியா நிலையத்தில் ஒரு ஊழியர் கட்டளை ஒன்றைத் தவறாகத் தட்டினார். நிறுத்த நினைத்ததைவிட அதிகமான கணினிகள் நின்றன. பெருந்தொகையான இணையத்தளங்கள் சுமார் நான்கு மணித்தியாலம் தடுமாறின. கோளாறை அறிவிக்கும் அமேசனின் பலகையே அந்தச் சேவையில் தங்கியிருந்ததால் அதையும் மாற்ற முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 ஒகஸ்ட் இறுதியில் லங்கா அரசாங்கக் கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று பாய்ந்தது. அரசாங்க மின்னஞ்சல் விலாசங்கள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. பழைய பிரதிகளிலிருந்து சேவையை மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அரசாங்கக் கடிதங்கள் போயின.

இது வறிய நாட்டின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி டிரைவ் என்ற முகில், 858 டெராபைட் தரவுடன் அழிந்தது. அதற்கு வெளியே வேறு பிரதி இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள்.

இரு நாடுகளிலும் முகில் இருந்தது. வேறோரிடத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று பார்ப்பது யார் பொறுப்பு என்பதில்தான் ஓட்டை இருந்தது. அம்டால் சொன்ன பங்கிட முடியாத பகுதி கணக்கைப் பற்றியது. ஆனால் 250 ஆண்டுக் கதை முழுவதையும் பார்த்தால், பங்கிட முடியாதது இன்னொன்றும் உண்டு. அதுதான் பொறுப்பு.

*நமக்கு இதில் என்ன?*

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நம் கரையோர ஊர்களில் உயிர்களோடும் வீடுகளோடும் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் போயின. ஒரே பிரதி, ஒரே அலுமாரி. அதை மீளப் பெற மக்கள் அலைந்த அலைச்சலைக் கரையோரத்தில் உள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று முகில் இருந்திருந்தால் பலருக்கு அது உதவியிருக்கும்.

இன்று இருக்கிறது. ஆனால் எப்படி வைத்திருக்கிறோம்? பல ஊர்களில் பள்ளிவாசலின், சங்கத்தின், விளையாட்டுக் கழகத்தின் பதிவுகள் ஒரு தம்பியின் சொந்த ஜிமெயில் கணக்கில்தான் கிடக்கின்றன. தம்பி கட்டாருக்குப் போனால் கடவுச்சொல்லும் கட்டாருக்குப் போகிறது. இரண்டு வருடம் பாவிக்காத தனியார் கணக்குகளை, உள்ளே இருப்பவற்றோடு அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது.

1. நிக்காஹ் பதிவேடு, ஜனாஸாப் பதிவேடு, பழைய கூட்டக் குறிப்புகள், பாடசாலையின் பழைய படங்கள் எவையெவை யாரிடம் இருக்கின்றன என்று முதலில் ஒரு பட்டியல் எடுப்போம்.

2. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. கையில் இருக்கும் மூலம் ஒன்று, வன்தட்டில் ஒன்று, முகிலில் ஒன்று. வன்தட்டு மூலம் இருக்கும் அதே அலுமாரியில் இருக்கக் கூடாது.

3. முகில் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். திறக்கும் வழி குறைந்தது இரண்டு பொறுப்பானவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தோடு அதுவும் கைமாறட்டும்.

4. குடும்ப விபரங்கள் உள்ள பதிவேடுகளைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு.

5. வருடத்துக்கு ஒரு முறை பிரதியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

படம் எடுத்து ஒழுங்குபடுத்தும் வேலையை உயர்தரப் பிள்ளைகள் செய்வார்கள். பக்கங்களைப் பங்கிட்டுக் கொடுத்தால் ஒரு விடுமுறை போதும். சமாந்தரக் கணிமை என்றால் என்ன என்று அதன் பிறகு அவர்களுக்கு யாரும் பாடமாக்கிக் கொடுக்கத் தேவையில்லை. பதிவேடுகளைத் திறந்து கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். உங்கள் வீட்டில், உங்கள் சங்கத்தில் பழைய பதிவேடு ஏதும் இருந்தால் அறியத் தாருங்கள். அடுத்த தவணை விடுமுறையில் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.